பதினெட்டு ஒன்பதாகும்!

பேய்க்கதை சொல்ல என்னென்ன வேண்டும்? ஒரு பழைய பங்களா. மழை. ராத்திரி. புதுசாக வந்து இறங்கும் இளம் ஜோடி. 'அங்கே போகாதீங்க' என்று எச்சரிக்க ரெண்டு பேர். அந்த எச்சரிக்கையை மதிக்காத கதாநாயகன். அவ்வளவுதான், மீதியைப் பேய் பார்த்துக்கொள்ளும். இந்த மளிகை லிஸ்டை வைத்துக்கொண்டு உலகம் பூராவும் ஆயிரக்கணக்கில் சினிமா எடுத்துத் தள்ளிவிட்டார்கள்.

இதே லிஸ்டை வைத்துக்கொண்டு, ஒரு காட்சிகூடக் காட்டாமல், நாற்பது நிமிஷம் கிதாரும் டிரம்ஸும் கூச்சலுமாகவே ஒரு ஆசாமி 1987-ல் உலகத்தைப் பயமுறுத்தினார். டென்மார்க்காரர். பெயர் கிங் டயமண்ட். வீட்டில் வைத்த பெயர் கிம் பெண்டிக்ஸ் பீட்டர்சன். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு பாங்க்கில் வேலை பார்க்கலாம், பேய் ஓட்ட முடியாது என்று தோன்றியிருக்கும், மாற்றிக்கொண்டார். ஆல்பத்தின் பெயர் 'அபிகெயில்'. ஒன்பது டிராக்குகளும் சேர்ந்து ஒரே கதை. ஹெவி மெட்டல் உலகத்தில் 'கதை சொல்லும் ஆல்பம்' என்று பேச்செடுத்தால் முதல் நாலைந்து பெயர்களுக்குள் இது வந்துவிடும்.

'ஹெவி மெட்டலா? அந்தத் தலைமுடிக்காரர்கள் கத்துவார்களே, அதுவா?' என்று பக்கத்தைப் புரட்டப் போகிறவர்கள் ரெண்டு நிமிஷம் பொறுக்கவும். கத்தலுக்குள் ஒரு மாடிப்படி இருக்கிறது. அந்த மாடிப்படியைப் பற்றித்தான் இந்த வாரம்.

*

முதலில், இந்தச் சங்கீதத்துக்கும் பேய்க்கும் எப்படிச் சம்பந்தம் ஏற்பட்டது என்று பார்த்துவிடலாம்.

1960-களின் கடைசியில் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரத்தில் நாலு தொழிலாளர் வீட்டுப் பையன்கள் பாட்டுப் பழகிக்கொண்டிருந்தார்கள். எதிரே ஒரு சினிமா கொட்டகை. அதில் போரிஸ் கார்லாஃப் நடித்த ஒரு பயங்கரப் படம் போட்டிருந்தார்கள். வாசலில் கும்பல். 'என்னடா இது, பயப்படுவதற்கு ஜனங்கள் காசு கொடுத்து க்யூவில் நிற்கிறார்களே! நாம் ஏன் பயமுறுத்துகிற மாதிரி பாட்டுப் போடக் கூடாது?' என்று பையன்களுக்குத் தோன்றியது. அந்தப் படத்தின் பெயரையே தங்கள் குழுவுக்கு வைத்துக்கொண்டார்கள். பிளாக் சபாத். முதல் ஆல்பம் வெளிவந்தது 1970 பிப்ரவரி 13. கிழமை? கேட்க வேண்டுமா, வெள்ளிதான். தேதியைக்கூட விடவில்லை.

அந்த ஆல்பத்தின் முதல் பாட்டில் ஒரு கிதார் பிடி வரும். மூன்றே ஸ்வரம். நம் கணக்கில் ஷட்ஜம், மேல் ஷட்ஜம், அப்புறம் பிரதி மத்யமம். நம் ஊரில் பிரதி மத்யமத்தில் கல்யாணி பாடிக் கல்யாணமே நடத்துகிறோம். மேற்கத்தியக் காதுக்கோ சாவுக்கும் அதற்கும் நடுவில் தூரம் ரொம்பக் குறைச்சல். அதை மெதுவாக, கனமாக, ஒவ்வொன்றாக இறக்கினால் முதுகுத்தண்டில் எறும்பு ஊரும். ஊரியது. ஹெவி மெட்டல் அங்கேதான் பிறந்தது என்று சத்தியம் செய்கிறவர்கள் அநேகர்.

கோபன்ஹேகன் பையன் கிம்முக்கு இன்னொரு குரு உண்டு, அமெரிக்காவின் ஆலிஸ் கூப்பர். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், ஆண்பிள்ளைதான். முகத்தில் கறுப்பு மை பூசிக்கொண்டு, மேடையில் பொய்யாகத் தலை வெட்டப்பட்டு, கெட்ட கனவு ஒன்றை நாடகமாகவே நடத்தியவர். 1975-ல் அந்த நிகழ்ச்சியைப் பார்த்த கிம், இனி நம் வழி இதுதான் என்று முடிவு கட்டிவிட்டார். அவருக்கு அப்போது 19 வயசு.

1981-ல் 'மெர்ஸிஃபுல் ஃபேட்' என்ற குழு. 1983-ல் ஒரு ஆல்பம், 1984-ல் இன்னொன்று. முதல் ஆல்பத்தின் பெயர் 'மெலிஸா'. அது அவர் வைத்திருந்த ஒரு மனித மண்டை ஓட்டின் செல்லப் பெயர். நிஜ மண்டை ஓடு, சார். மைக்கைப் பிடிக்கிற கைப்பிடியும் மனித எலும்புதான், ரெண்டு கால் எலும்புகளைச் சிலுவையாகக் கட்டியது. முகத்தில் கறுப்பும் வெள்ளையுமாகச் சாயம். பிற்பாடு இந்தச் சாயத்தால்தான் வம்பு வந்தது. அது தன்னுடைய மேக்கப்பைப் போல இருக்கிறது என்று 'கிஸ்' குழுவின் ஜீன் சிம்மன்ஸ் ஆட்சேபித்து, விவகாரம் வக்கீல்வரை போனது. இவர் கோடுகளை மாற்றிப் பூசிக்கொண்டார். சாத்தானுக்கு அஞ்சாதவரும் வக்கீலுக்கு அஞ்சத்தான் வேண்டும்.

1985-ல் அமெரிக்காவில் அரசியல் பிரமுகர்களின் மனைவிமார் சிலர் சேர்ந்து, குழந்தைகளைக் கெடுக்கிற பாட்டுகள் என்று பதினைந்து பாட்டுகளைப் பட்டியல் போட்டார்கள். பின்னால் துணை ஜனாதிபதியான அல் கோரின் மனைவி டிப்பர் கோர் அதில் முக்கியமானவர். மடோனா, பிரின்ஸ் எல்லாம் இருந்த அந்தப் பட்டியலில், மெர்ஸிஃபுல் ஃபேட்டின் பாட்டும் ஒன்று. காசு கொடுத்தாலும் கிடைக்காத விளம்பரம்! ஆனால் அதே வருஷம் குழு உடைந்துபோயிருந்தது. கிங் டயமண்ட் தன் பெயரிலேயே புதுக் குழு ஆரம்பித்தார். கிதாருக்கு ஆண்டி லாராக், டிரம்ஸுக்கு மிக்கி டீ, ரெண்டு பேரும் ஸ்வீடன்காரர்கள். பழைய குழுவிலிருந்து மைக்கேல் டென்னர், டிமி ஹேன்சன். இந்த ஐவர் அணிதான் கோபன்ஹேகன் ஸ்டூடியோவில் உட்கார்ந்து 'அபிகெயில்' செய்தது.

*

இப்போது கதை. விளக்கை அணைத்துக்கொள்ள வேண்டியவர்கள் அணைத்துக்கொள்ளலாம்.

1845-ம் வருஷம், கோடைக்காலம். ஜோனதன் லாஃபே என்ற வாலிபனுக்குப் பரம்பரைச் சொத்தாக ஒரு பெரிய பங்களா கிடைக்கிறது. மனைவி மிரியத்தை அழைத்துக்கொண்டு குதிரை வண்டியில் மழையோடு மழையாக வருகிறான். வழியில் ஏழு கறுப்புக் குதிரைக்காரர்கள் மறிக்கிறார்கள். 'திரும்பிப் போய்விடு. போனால் பதினெட்டு ஒன்பதாகும்' என்கிறார்கள்.

நீங்களும் நானும் என்ன கேட்போம்? 'எது பதினெட்டு? எது ஒன்பது? கொஞ்சம் புரிகிற மாதிரி சொல்லுங்கள்' என்போம். ஜோனதன் கேட்கவில்லை. இதெல்லாம் நம்புகிற ஆள் நானில்லை என்று சொல்லிவிட்டு வண்டியை ஓட்டச் சொல்கிறான். வில்லங்கச் சர்ட்டிபிகேட் போட்டுப் பார்க்காமல் வீட்டுக்குள் காலை வைத்தான்.

முதல் ராத்திரியே குடும்பப் பேய் தரிசனம் தருகிறது. ஜோனதனின் முன்னோர், பிரபு லாஃபே. மிரியம் தூங்கிக்கொண்டிருக்கும்போது ஜோனதனை மட்டும் நிலவறைக்கு அழைத்துப் போகிறார். அங்கே ஒரு கல் பெட்டி. அதற்குள் ஒரு சிசுவின் சவம். பெயர் அபிகெயில். 'இவளுடைய ஆவி உன் மனைவிக்குள் புகுந்துவிட்டது. மறுபடி பிறக்கப் போகிறாள். தடுக்க ஒரே வழி, உன் மனைவியை இப்போதே கொன்றுவிடு' என்கிறார் பெரியவர். நல்ல குலதெய்வம்!

இதற்கு ஃபிளாஷ்பேக் உண்டு. 1777, ஜூலை 7. பிரபுவுக்குத் தன் மனைவி கர்ப்பமாக இருப்பது தெரிகிறது. குழந்தை தன்னுடையது இல்லை என்பதும் தெரிகிறது. மாடிப்படியின் உச்சியிலிருந்து அவளைத் தள்ளிவிடுகிறார். கழுத்து முறிந்து அவள் சாகிறாள். குழந்தை செத்தே பிறக்கிறது. அதற்கு அபிகெயில் என்று பெயர் வைத்து, உடலைப் பதப்படுத்தி, பெட்டியில் வைத்துப் பூட்டுகிறார். இசைத்தட்டில் முதல் பக்கம் இங்கே முடியும். எழுந்து போய்த் தட்டைத் திருப்பிப் போட வேண்டும். அந்த நாளில் இருட்டு ரூமில் கேட்டுக்கொண்டிருந்தவர்கள், எழுந்து போவதா வேண்டாமா என்று யோசித்திருப்பார்கள்.

ரெண்டாவது பக்கத்தில் சகுனங்கள். ஆளில்லாமல் மணி அடிக்கிறது. பூக்கள் வாடிக் கிடக்கின்றன. சாப்பாட்டு மேஜையில் மூன்று பேருக்குத் தட்டு வைத்திருக்கிறது, வீட்டில் இருப்பது ரெண்டே பேர். யாரும் கொண்டுவராத ஒரு தொட்டில், காலியாக. என்னைக் கேட்டால் இந்தக் கதையின் உச்சம் இந்த மூன்றாவது தட்டுதான். ரத்தம், கோரைப்பல் எல்லாம் எல்லோரும் செய்வார்கள். ஒரு தட்டைக் கூடுதலாக வைத்துப் பயமுறுத்துவது பெரிய மனுஷன் வேலை.

மிரியத்தின் வயிறு மணிக்கணக்கில் வளர்கிறது. அவள் வாயால் இன்னொருத்தி பேசுகிறாள். ஜோனதன் பாதிரியாரை அழைக்கலாமா என்று தவிக்கிறான். நடுவில் ஒரு நிமிஷம் மிரியத்துக்குச் சுயநினைவு வருகிறது. 'அந்த மாடிப்படி... அதுதான் ஒரே வழி' என்று அவளே சொல்கிறாள். ஜோனதன் ஒப்புக்கொண்ட மாதிரி நடித்து அவளைப் படிக்கட்டுக்கு அழைத்துப் போகிறான். உச்சியில் ஒரு நொடி கவனம் சிதறுகிறது. தள்ளப்படுவது அவன்!

அன்று ராத்திரி குழந்தை பிறக்கிறது. அதன் மஞ்சள் கண்களைப் பார்த்தபடியே மிரியம் சாகிறாள். குதிரைக்காரர்கள் வந்து பார்க்கும்போது, குழந்தை பழைய கல் பெட்டிக்குள் உட்கார்ந்து எதையோ தின்றுகொண்டிருக்கிறது. எதை என்று எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார்.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் இருக்கும் சின்னக் கோயிலுக்குப் போகிறார்கள். ஏழு வெள்ளி ஆணிகள் தயார். கதை முடிந்தது.

முடியவில்லை! ஆல்பத்தின் முதல் டிராக்கை மறுபடி போட்டுப் பாருங்கள். ஒன்றரை நிமிஷம். பாட்டுகூட இல்லை, ஒரு சவ அடக்கம். கரகரத்த, இழுத்த குரலில் ஒருவர் ஏதோ சடங்கு வாசகம் சொல்வார். முதல் தடவை கேட்கும்போது 1777-ல் நடந்த அடக்கம் என்று நினைத்துக்கொள்வோம். கடைசி டிராக் முடிந்த பிறகு கேட்டால்தான், அது கதையின் கடைசிக் காட்சி என்று உறைக்கும். முடிவை முதலிலேயே காதில் போட்டுவிட்டு, நாற்பது நிமிஷம் நம்மைச் சுற்ற விட்டிருக்கிறார்.

*

இவ்வளவு பாத்திரங்களுக்கும் யார் குரல்? எல்லாம் அவர் ஒருத்தரேதான். பேய்க்கு ஒரு குரல், ஜோனதனுக்கு ஒன்று, மிரியத்துக்கு உச்ச ஸ்தாயியில் கள்ளக்குரல், அபிகெயிலுக்கு இன்னொன்று. முதலில் கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். மீசை வைத்த ஆள் பெண் குரலில் கீச்சிடுகிறாரே என்று தோன்றும். தெருக்கூத்தில் ஆண் திரௌபதியைப் பார்த்துப் பழகிய நமக்கு இது பெரிய விஷயமில்லை. பத்து நிமிஷத்தில் ஆள் மறைந்து பாத்திரம் நிற்கும். மூன்றாவது பாட்டுக்குள் சிரிப்பு நின்றுவிடும்.

சரி, இதெல்லாம் தொழில் சாமர்த்தியம். என்னை விடாமல் பிடித்துக்கொண்டது வேறு ஒன்று.

இந்தக் கதையில் கெட்டவர் யார்?

ஆல்பத்தில் எல்லோரும் ஒரே குரலில் சொல்கிறார்கள், அபிகெயில் என்று. குதிரைக்காரர்கள் சொல்கிறார்கள். பிரபு சொல்கிறார். மிரியமே சொல்கிறாள். பிறப்பதற்கு முன்பே கொல்லப்பட்ட ஒரு குழந்தைதான் உலகத்தின் மொத்தக் கேடு. அவளைக் கர்ப்பத்தில் வைத்தே படிக்கட்டிலிருந்து தள்ளிக் கொன்ற பெரிய மனிதரை யாராவது கொலைகாரர் என்கிறார்களா? ம்ஹூம். அவர் குடும்பப் பேய். ஆலோசகர். வாரிசுக்கு நல்லது சொல்ல நிலவறையிலிருந்து சிரமப்பட்டு எழுந்து வந்த தாத்தா!

அவர் சொன்ன ஆலோசனையைக் கவனியுங்கள். 1777-ல் என்ன செய்தாரோ அதையேதான் 1845-ல் செய்யச் சொல்கிறார். பெண்டாட்டியைக் கொல். நடுவில் 68 வருஷம். செத்து, புதைந்து, பேயாகி, அப்புறமும் திருந்தாத ஆசாமி. முதல் தடவை தள்ளியதால்தானே இத்தனை வினையும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

ஜோனதனை எடுத்துக்கொள்ளுங்கள். நல்லவன். மனைவி மேல் உயிர். பேய் பேச்சைக் கேட்டுவிட்டு உடனே கத்தியைத் தூக்கவில்லை, தயங்குகிறான். ஆனால் கடைசியில் எங்கே போய் நிற்கிறான்? அதே மாடிப்படி. அதே உச்சி. பக்கத்தில் அதே மாதிரி நிறைமாதக் கர்ப்பிணி. அந்த நொடியில் அவன் ஜோனதன் இல்லை, பிரபுவேதான். பங்களாவோடு சேர்த்துப் படிக்கட்டும் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. பரம்பரைச் சொத்தில் பட்டா, பத்திரம் மட்டும் வருவதில்லை. தாத்தாவின் கோபமும் வரும், சந்தேகமும் வரும், 'நம் குடும்பத்தில் இதை இப்படித்தான் தீர்ப்போம்' என்ற வழியும் வரும். இந்த வில்லங்கத்தை எந்த ஆபீஸிலும் எழுதித் தர மாட்டார்கள். அவரவரே தோண்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மிரியமே 'மாடிப்படிதான் வழி' என்று சொல்கிறாளே என்பீர்கள். அதுதான் இன்னும் கொடுமை. அந்த வீட்டுக்கு வந்து நாலு நாள் ஆகவில்லை, தன்னைத் தள்ளிவிடுவதுதான் நியாயம் என்று அவளையும் அந்த வீடு நம்பவைத்துவிட்டது.

இதையெல்லாம் நினைத்துத்தான் கிங் டயமண்ட் எழுதினாரா? எழுதியவரைக் கேட்டு என்ன ஆகப்போகிறது? நல்ல பேய்க்கதை எழுதியவருக்குத் தெரியாமலே நாலு விஷயத்தைச் சொல்லும். அபிகெயில் ஒன்றும் சாது இல்லை, மஞ்சள் கண்ணும் அந்தத் தீனியும் பொய்யில்லை. ஆனால் அவளை அப்படி ஆக்கியது யார் என்ற கேள்வி ஏழு ஆணி அடித்தாலும் மூடாத பெட்டி.

மூடவில்லை என்பதற்கு சாட்சி, 2002-ல் அவரே வெளியிட்ட இரண்டாம் பாகம். தலைப்பிலேயே 'பழிவாங்கல்' என்று போட்டுவிட்டார். ஆணிகள் அடிக்கப்படவில்லை. குழந்தை பிழைத்து, வளர்ந்து, 1863-ல் அதே பங்களாவுக்குத் திரும்பி வருகிறாள். வயது? பதினெட்டு!

*

அபிகெயிலுக்குப் பிறகு அவர் நிறையக் கதைகள் சொன்னார். 1988-ல் வந்த ஆல்பத்தில் ஒரு பாட்டி மனநோய் விடுதியிலிருந்து வீடு திரும்பி, கண்ணுக்குத் தெரியாத விருந்தாளிகளுடன் நடுராத்திரி டீ குடிப்பாள். அந்த டீயில் என்ன கலந்திருக்கிறது என்பதை மறுபடி ஆசிரியர் கருதி விட்டுவிடுகிறேன். டிரம்ஸ் அடித்த மிக்கி டீ பிறகு மோட்டார்ஹெட் குழுவுக்குப் போய் அது 2015-ல் முடியும்வரை அடித்தார், அடுத்து ஸ்கார்பியன்ஸ். மெர்ஸிஃபுல் ஃபேட் பாட்டுகளை ஒன்றாகக் கோத்து மெட்டாலிகா குழுவே 1998-ல் பதினோரு நிமிஷத்துக்குப் பாடி மரியாதை செய்தது. மெட்டாலிகாவின் டிரம்ஸ்காரர் லார்ஸ் உல்ரிச்சும் டென்மார்க்காரர்தான். ஊர்ப் பாசம்.

2010 கடைசியில் கிங் டயமண்டுக்கு மாரடைப்பு அபாயம், இதயத்தில் பைபாஸ். அவ்வளவுதான் என்று எல்லோரும் நினைத்தார்கள். மனிதர் எழுந்து வந்து, 2015-ல் அமெரிக்கா முழுக்கச் சுற்றி 'அபிகெயில்' மொத்தத்தையும் மேடையில் பாடினார். மேடையில் ரெண்டு மாடிப் பங்களா செட். இரண்டு பக்கமும் மாடிப்படி, ஏறி இறங்கிக்கொண்டே பாட்டு! அவருக்கு அப்போது 59 வயசு. டாக்டர் பார்த்திருந்தால் அவருக்கு பைபாஸ் பண்ண வேண்டியிருந்திருக்கும்.

*

அந்தப் பதினெட்டு, ஒன்பது என்ன ஆயிற்று என்று கேட்கிறவர்களுக்கு, ஆல்பத்தில் அதற்குக் கோனார் நோட்ஸ் கிடையாது. கணக்கு மட்டும் போட்டுக் காட்டுகிறேன். ஒன்றும் எட்டும் ஒன்பது. 1845-ஐக் கூட்டினால் 18. அதைக் கூட்டினால் 9. கர்ப்பம் ஒன்பது மாதம். ஆல்பத்தில் டிராக்குகள் ஒன்பது. இதற்கு மேல் கூட்டுகிறவர்கள் நியூமராலஜி பார்க்கப் போகலாம், நல்ல வரும்படி உண்டு.

கேட்கப் போகிறவர்களுக்கு ரெண்டு யோசனை. முதல் டிராக்கைத் தாண்டிக் குதிக்காதீர்கள். ஹெட்போனில் கேளுங்கள், பக்கத்து வீட்டுக்காரர் போலீஸைக் கூப்பிடாமல் இருப்பார்.

மூன்றாவதாக, கல்யாணமானவர்களுக்கும் ஆகப்போகிறவர்களுக்கும் ஒன்று. தாத்தா கட்டிய வீட்டில் மாடிப்படி இருந்தால் மனைவியை முன்னால் போகச் சொல்லாதீர்கள். பின்னால் வரவும் சொல்லாதீர்கள்.

பக்கத்தில் நடங்கள்.